மாமாவின் சவோய் நாய்

மாமாவுக்குப் பெண் பேசிய கதையை எடுத்தால் அம்மா இன்றைக்கும் எழுந்து போய்விடுவார். எல்லாவற்றையும் அந்த நாய்தான் கெடுத்தது என்பது அவருடைய கட்சி.

அம்மாவின் தம்பி பிரான்சிலிருந்து வென்ட்வேர்த்வில்லில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு நாய். தன்னுடைய வீசாவுக்கு அலைந்ததைவிட நாயின் அனுமதிக்குத்தான் மனிதர் அதிகம் அலைந்தாராம். சவோய் மலைப்பக்கத்து மேய்ப்பு நாய், அங்கேயே இப்போது அரிதாகத்தான் கிடைக்கும் என்று பெருமை வேறு. சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத்திட்டான உடம்பு. ஒரு கண் நீலம், மற்றது மண்ணிறம். தோல் வருத்தம் என்று அம்மா மஞ்சள் குழைத்துவிட்டார். மாமா ஓடிவந்திராவிட்டால் பூசியும் இருப்பார்.

அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. சிதறி நிற்பவர்களை ஓரிடத்தில் சேர்ப்பது. ஆடு இல்லாத வீட்டில் எங்களை மேய்த்தது. நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் இருந்தாலும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

ஹோம்புஷிலிருந்து பெண் வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை நாயைப் பின்வளவில் விட்டிருந்தோம். மாமா தனிக்கட்டை என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "நீ பேசாம இரு, நான் கதைக்கிறன்" என்று அடக்கினார்.

குசினிக் கதவை யாரோ சாத்த மறந்துவிட்டார்கள். உள்ளே வந்த நாய், பெண்ணையும், வடைத் தட்டோடு நின்ற அவரின் தாய் அன்ரியையும் முட்டி முட்டிச் சோபாப் பக்கம் ஒதுக்கியது. அன்ரி ஐயோ என்று கத்தினார். நாய் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு திறந்திருந்த முன்வாசலால் பாய்ந்து போனது.

திரும்பி வந்தபோது அதன் முன்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை! மூன்று வயதிருக்கும், பொன்னிறத் தலைமயிர். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளை. சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையைக் கடத்தினோம் என்று பொலிஸ் வரப்போகிறது என்று அப்பா தலையில் கைவைத்தார்.

மாமா மட்டும் பிள்ளையின் முன்னால் முழங்காலில் விழுந்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லி விம்மி விம்மி அழுதார். பெரிய ஆம்பிளை அப்படி அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை. பயந்து போனேன்.

"இந்த நாய் என்ர பிள்ளையைத் தேடுது," என்றார். "எனக்கும் இந்தளவில ஒரு மகள் இருக்கிறாள். தாயோட விட்டிட்டு வந்தனான்."

பிள்ளையின் தாய் மூச்சிரைக்க ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட ஒருவரும் சரியாகக் கவனிக்கவில்லை. "எழும்புங்கோ, போவம்," என்றார் அன்ரி. அம்மா கார்வரை அவர்களுக்குப் பின்னால் ஓடினார். "கலியாணப் பதிவெழுத்து ஒண்டும் நடக்கேல்லை அக்கா! எழுதாதது கலியாணமே?"

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கொரு மச்சாள் இருக்கிறாள்! மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நாயை அனுப்பினா அவளையும் கூட்டிக்கொண்டு வருமெல்லே?"

மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். நான் நல்ல யோசனைதானே சொன்னேன், இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.