ஒந்து, எரடு, மூரு, நாக்கு

என் கணவர் கன்னடத்தில் எண்ணுவார். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கோபம் வந்தால் உருது கலந்த தமிழ். ஆனால் எதையாவது எண்ண வேண்டும் என்று வந்துவிட்டால் கன்னடம்தான். பெங்களூரிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர்களுக்கு அப்படித்தான் வரும் என்பது கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து வந்த புதிதில் எனக்குத் தெரியாது. அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பார். எனக்குப் பாட வரும் என்று தெரிந்ததும் ஒத்திகைக்கு அழைத்துப் போனார். கீபோர்டில் கை வைத்து, என்னைப் பார்த்து, "ஒந்து, எரடு, மூரு, நாக்கு" என்றார்.

நான் நாக்கை நீட்டினேன்.

டாக்டர் கேட்டால் நீட்டுவோமே, அப்படி. கன்னடப் பேச்சில் நாலுக்கு அதுதான் சொல் என்று எனக்கு யார் சொன்னது? டிரம்ஸ்காரர் சிரித்ததில் குச்சி கீழே விழுந்தது. அதன் பிறகு அவர் எப்போது அந்தச் சொல்லைச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், பாட்டை எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். எனக்காக மட்டும் "ஒந்து, எரடு, மூரு, நாலு" என்று மாற்றிக்கொண்டார். "மூணு பங்கு கர்நாடகாவுக்கு, ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு. காவேரித் தண்ணி மாதிரிதான்" என்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அவர் சொந்தமாகப் பாட்டு கட்டுவார் என்பது அந்தக் கிண்டல்காரர்களுக்குக்கூடத் தெரியாது. பக்திப் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டு மாதிரியும் இல்லை. செகண்ட் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்காகச் சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளைப் பற்றி ஒரு பாட்டு, வாடகை வீடு மாறும்போது சுவரில் விட்டு வந்த ஆணியைப் பற்றி ஒரு பாட்டு. எல்லாவற்றையும் நான்தான் பாடினேன். சென்னையில் ஒரு சின்ன கேசட் கம்பெனி ஆல்பமாகப் போடுகிறேன் என்றது. பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மாடியில் ஒலிப்பதிவு நடந்தது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அவர் எண்ணினார், ஒழுங்காக நாலு என்றே சொன்னார். கடைசிப் பாட்டுக்கு மட்டும், நான் மைக் முன்னால் பக்தி சிரத்தையாகக் கண்ணை மூடி நின்றபோது, வேண்டுமென்றே "நாக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் நிறுத்தாமல் முன்னிசையை இன்னொரு சுற்று வாசித்தார், நான் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டேன்.

"இன்னொரு டேக் போலாமா சார்?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர்.

"வேணாம் பா, பாட்டு நல்லா வந்துகீது. முன்னால இருக்கறத கம்பெனிக்காரங்க வெட்டிக்குவாங்க" என்றார் இவர்.

கம்பெனிக்காரர்கள் அப்போது எதையும் வெட்டவில்லை. ஆல்பத்தையே கிடப்பில் போட்டுவிட்டார்கள். இப்போது யார் சார் காசு கொடுத்து சிடி வாங்குகிறார்கள், அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. வெளியீட்டு விழாவுக்கென்று இவர் ஒரு பட்டுச் சட்டை எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைப்பார். ஒரு வருடம் தொழிற்சாலை ஆயுத பூஜைக்கு அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு ஆல்பத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் போனார். ஆம்புலன்ஸில் ஏறும்போது கையை ஆட்டினார், அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய போனை வைத்துக்கொண்டு பல நாள் தேடினேன், எங்கேயாவது அவர் குரல் இருக்குமா என்று. வாட்ஸ்அப்பில் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் அனுப்புகிற மனிதர். ஒரு வார்த்தைகூடப் பேசி வைக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் பெண்கள் தங்கும் ஒரு பிஜியில் சமையல் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில், புளியோதரைக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அந்தப் பழைய கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம், கிடப்பில் கிடந்ததையெல்லாம் இன்டர்நெட்டில் வெளியிடுகிறார்களாம். பாட்டும் இசையும் அவருடையது என்பதால் வாரிசாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடுகு கருகிப்போனது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

பாட்டுகளைக் கேட்டுப் பார்க்க அனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுத்தமாக இருந்தன, ரொம்பச் சுத்தம். எல்லாப் பாட்டும் நேராக இசையில் ஆரம்பித்தன. ஒன்றில்கூட அவர் இல்லை. கடைசிப் பாட்டில் என் சிரிப்பும் இல்லை.

இறங்கியதும் அவளைக் கூப்பிட்டேன். "ஆரம்பத்துல எண்ணுவாங்களே, அது எங்கம்மா?"

"அது நாய்ஸ் மேடம். க்ளீன் பண்ணிட்டோம்."

"நாய்ஸா? அது என் வீட்டுக்காரரு."

ஆல்பம் என்றால் இப்படித்தான் மேடம் இருக்கும், மேலே கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள்.

"நாக்கு இல்லன்னா கையெழுத்தும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்திருக்குமோ தெரியாது.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அதன் பிறகு ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. போனே வரவில்லை. ஆயுசு முழுக்க ஆல்பம் வெளிவர வேண்டும் என்று காத்திருந்தவர் அவர். அதைக் கிடப்பில் போட்ட முதலாளியை நான் வாயாரத் திட்டியிருக்கிறேன். இப்போது அதே வேலையை நானே செய்கிறேனா? வெட்டிக்கொள்ளட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னதுதானே? உயிரோடு இருந்தால் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, பாட்டு வருதில்ல" என்றிருப்பார். அவருக்கு வேண்டியது பாட்டு. எனக்கு வேண்டியது அவர். இந்த ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஆளும் அவர்தான்.

கார்த்திகை மாதத்தில் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் மேலே பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறாளாம், மற்றதெல்லாம் வெட்டியபடியேதான் வருமாம். "நானும் அத ஒரிஜினல்ல கேட்டேன் மேடம்" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஓசூர் ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நகராமல் நின்றன. பிஜியில் இட்லிக்கு வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் போனைக் காட்டினேன். "சூப்பர் ஆன்ட்டி, நீங்களா?" என்று ஒரு ஹார்ட் தட்டிவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தட்டோடு போனாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆபீஸ் கேப் வந்துவிட்டது. வேறு யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், யாரும் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டேன். பட்டுச் சட்டையை எடுத்து, மூடிக் கிடந்த கீபோர்டின் மேல் போட்டேன். தலைக்குக் குளித்து, ஒத்திகைக்குப் போகிற மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றேன். போனில் கடைசிப் பாட்டைத் தட்டினேன்.

ஒந்து, எரடு, மூரு. ஒரு சின்ன நிறுத்தம், அந்த இடத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாக்கு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எண்ணிக்கைக்குச் சரியான இடத்தில் பாட்டை எடுத்தேன். போனுக்குள் இருந்தவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்காக முன்னிசையை இன்னொரு சுற்று வாசித்தார். அதற்குள் நான் முதல் வரியைத் தனியாகப் பாடி முடித்திருந்தேன்.