மூடியோடு ஒரு ரம்பம்

ஸ்டீல் ஸ்கேலை மெஷினின் மேசைமேல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறார் அத்தை. குறுக்கே ஒரு முறை, மூலைக்கு மூலை ஒரு முறை. பிறகு ஸ்கேலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "நடுவுல தொப்பை போட்டிருக்கு, வேணாம்" என்கிறார். கடைக்காரர் அத்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். போகிற கடையெல்லாம் இதே கதைதான். ரம்பம் வாங்க வந்தவன் நான், பையைப் பிடித்துக்கொள்ள வந்தவர் அத்தை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"அவன்கிட்ட என்ன சிரிப்பு? அவனுக்கு ஆணியும் திருகாணியும் ஒண்ணு. என்கிட்ட பேசுங்க."

அத்தை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தரை துடைக்கும் வேலைக்குப் போய், இருட்டறையில் ஃபிலிம் கழுவப் பழகி, பரீட்சை எழுதி, மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றவர். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதால் வீட்டிலும் அதே தோரணை. மாமா குரலை உயர்த்தினால், "மூச்சை விடுங்க" என்பார். மாமாவும் ஒரு கணம் விட்டுவிடுவார்.

வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். முக்காலி, புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு என்று தெருவில் பாதி வீடுகளில் அத்தை செய்த ஏதாவது ஒன்று நிற்கிறது. ஆடாமல் நிற்கிறது என்று சொல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். "ஒரு காலு பொய் சொல்லுது" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மற்ற மூன்று கால்களை நம்பி உட்காருவார்.

போன மழைக்காலத்தில் கொட்டகையில் ஒரு விபத்து. கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைக் கவிழ்த்து, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் திருகி, பிளேடு மேலே எட்டிப் பார்க்கும்படி அத்தையே ஒரு மேசை ரம்பம் தயாரித்திருந்தார். மரம் அறுக்கும்போது, அடியில் மாட்டிக்கொண்ட ஸ்விட்சை யார் அழுத்திக்கொண்டிருப்பது? அதனால் அதைக் கம்பி சுற்றிக் கட்டிவிட்டிருந்தார். முடிச்சு விழுந்த பலகை ஒன்று பிளேடில் சிக்கித் திருப்பி எத்தியது. கையைத் தூக்கும் முன் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. ஆஸ்பத்திரியில் கையை எக்ஸ்ரே மேசைமேல் வைத்து, தன் படத்தைத் தானே எடுக்கப் போனாராம். "வேற யாரு எடுத்தாலும் கோணலா எடுப்பாங்க." அந்த ஃபிலிம் இப்போது கொட்டகை ஜன்னலில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் முகம் சுளித்தால், "நல்லா பாருங்க, எலும்பு எவ்வளவு சுத்தமா வந்திருக்கு" என்பார்.

காயம் ஆறிய கையோடு அடுத்த பேச்சே நிஜ மேசை ரம்பம் வாங்குவது பற்றித்தான். வீடு இரண்டுபட்டது. மாமா ஓர் அச்சகத்தில் பைண்டர். கட்டுக்கட்டாகக் காகிதம் நறுக்கும் கத்தியோடு காலம் தள்ளியும் பத்து விரலும் பத்திரமாக இருப்பவர்.

"மிச்சம் எட்டு இருக்கு. அதையும் குடுத்துட்டு வந்து உக்காரப் போறியா?"

"உங்க மெஷின் மட்டும் என்ன, வெண்ணெயா வெட்டுது?"

"அதுல ரெண்டு பட்டன் இருக்கு. ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் கத்தி இறங்கும். கை வெளியிலதான் இருக்கும்."

"அந்த மாதிரி புத்தியுள்ள மெஷினைத்தான் நானும் தேடறேன்."

விரல் பட்டதும் தானே நின்றுவிடும் ரம்பம் எங்கேயோ வந்திருப்பதாக மாமா கேள்விப்பட்டிருந்தார். அது இந்த ஊர்க் கடைக்கு வரட்டும், அப்போது வாங்கிக்கொள், அதுவரை கொட்டகைக்குப் பூட்டு என்றார். பூட்டியும் விட்டார். "கிடைக்காததைக் காட்டி வாங்கிக்கோன்னா என்ன அர்த்தம்? வேணாம்னு நேரா சொல்லத் தைரியம் இல்ல" என்றார் அத்தை. பூட்டை அவர் தொடவில்லை. திருகாணிகளைக் கழற்றித் தாழ்ப்பாளைப் பெயர்த்து, பூட்டோடு சேர்த்து, மாமா சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா என்னை அனுப்பினார். "நீதான் படிச்சவன். கூடப் போய் உங்க அத்தை மனசை மாத்து." அத்தையும் என்னைக் கூப்பிட்டார். "நீதான் படிச்சவன். மெஷினோட வர்ற புஸ்தகத்தைப் படிச்சுச் சொல்லு, மருமகனே." எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியாதபோது மற்றவர்கள் இப்படித் தெளிவாக இருக்கிறார்கள். என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால், கேட்டவருக்குப் பிடித்ததைச் சொல்லும் ஆள் நான். சுற்றியுள்ள அத்தனை பேரும் வேண்டாம் என்ற பிறகும் ஒருவரால் எப்படி 'வேணும்' என்று சொல்ல முடிகிறது? கடை கடையாக நான் கூட அலைந்தது அதைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். மனத்தை மாற்ற ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கடைசியாகப் போன கடைக்கு மாமாவும் வந்தார். தடுக்கத்தான். அங்கே இரண்டு ரம்பங்கள் இருந்தன, பெரிது ஒன்று, சிறிது ஒன்று. இரண்டும் ஸ்கேல் பரீட்சையில் தேறின. கடைக்காரர் பெரியதைப் புகழ்ந்தபடியே ஸ்விட்சைப் போட்டார். பிளேடு ஊளையிட்டது. அத்தையின் இடது கை தானாகக் கைப்பைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

அத்தை முகம் மட்டும் அப்படியே இருந்தது. "மூடி எங்க?"

"என்ன மூடி?"

"பிளேடுக்கு மேல வர்ற மூடி. பின்னால ஒரு தகடு நிக்குமே, அறுத்த மரம் திரும்பக் கூடிப் பிளேடை இறுக்காம. அதுவும் காணோம்."

"அதெல்லாம் யாரு மேடம் மாட்டறாங்க? வேலைக்கு இடைஞ்சல். வந்த அன்னைக்கே எடுத்துப் போட்டுடுவோம்."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே மூடியைக் கழற்றக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. உரக்கப் படித்தேன். "எல்லா புஸ்தகத்துலயும் அப்படித்தான் தம்பி போடுவாங்க" என்றவர், அத்தை பக்கம் திரும்பினார். "இவ்வளவு பயம் இருந்தா எதுக்கு மேடம் மெஷின்?"

மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல, "கேட்டியா? அவரே சொல்றாரு. வா, போலாம்" என்றார்.

அத்தை கைப்பையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தார். ஒளிந்திருந்த இடது கையைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பயம் இருக்கு. யாரு இல்லன்னா? பயம் இல்லாதப்போ போனதுதான் இது ரெண்டும். பயந்தவதான் மூடி கேப்பா. போய் எடுத்துட்டு வாங்க."

கடைக்காரர் பரணை அண்ணாந்து பார்த்தார். பெரியதற்கு மூடியே வரவில்லையாம். சிறியதற்கு மட்டும் பரணில் எங்கேயாவது கிடக்கலாமாம்.

"அப்ப சின்னதே போதும்."

"தடி மரம் அறுக்காது மேடம்."

"நான் வீடா கட்டப் போறேன்? ஏறுங்க."

ஏணி போட்டு ஏறினார். மேலே ஏதேதோ உருண்டன. தும்மலோடு இறங்கி வந்தவர் கையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மூடியும் தகடும் இருந்தன. மாட்டித் தர வந்தவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அத்தையே ஸ்பேனர் கேட்டு வாங்கி மாட்டினார். தகடும் பிளேடும் ஒரே கோட்டில் நிற்கும்வரை மூன்று ஆட்கள் காத்திருந்தோம். மாமா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஒரு பலகை அறுத்துக் காட்டறேன்" என்றார் கடைக்காரர்.

"நகருங்க."

மாமா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை ஸ்விட்சைப் போட்டார். பலகையில் கை வைத்தார். உடனே எடுத்தார். அணைத்தார். கடைக்காரர் வாயைத் திறக்கப் போனார், நான் முறைத்தேன். எனக்கே அது புதிதாக இருந்தது. அத்தை மறுபடி போட்டார். இந்த முறை பலகை மெல்ல நகர்ந்து, மூடிக்குள் நுழைந்து, மறுபக்கம் இரண்டாக வெளியே வந்தது. கடைசிப் பகுதியை, விரல் பிளேடு பக்கம் போகாதபடி, மெஷினோடு வந்த தள்ளுகட்டையால் தள்ளிவிட்டு, பிளேடு முழுக்க ஓய்ந்து நிற்கும்வரை அத்தை அசையவில்லை.

தெருவைப் பார்த்தபடியே மாமா கேட்டார். "முடிஞ்சுதா?"

அத்தை அறுபட்டதில் ஒரு பாதியை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, ஸ்விட்சைப் போட்டார்.