வேலை இல்லை என்று சொன்ன நாள்

எங்கள் ஆலை ஃபிட்டருக்கு நாங்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

ஆலையை மூடியதிலிருந்து மாதம் ஒருமுறை நாங்கள் எல்லோரும் டவுன் ஆபீசுக்குப் போய், வேலை இல்லை என்று எங்கள் வாயாலேயே சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் உதவித்தொகை. கவுண்டரை மதியத்தோடு மூடிவிடுவார்கள். ஊருக்கு ஒரே பஸ். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் அதில் ஒருநாள் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததால் போன மாதம் ஃபிட்டர் வரவில்லை. இந்த மாதமும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள், அதோடு அண்ணியின் மருந்தும் நின்றுவிடும்.

பஸ் நடுவழியில் இருமி இருமி நின்றுவிட்டது. டிப்போவிலிருந்து ஆள் வரச் சாயங்காலமாகும் என்றார் டிரைவர்.

ஃபிட்டர் யாரையும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டார். டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. டிரைவரின் ஸ்பேனரை வாங்கி வேலை செய்தபடியே சீட்டியடித்தார். ஆலை மூடிய பிறகு அவர் சீட்டியடித்து நான் கேட்டது அன்றுதான். கடைசியில் நாங்கள் எல்லோரும் தள்ள, பஸ் கிளம்பியது.

கவுண்டரை மூடப்போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஆபீஸ் குழாயில் தண்ணீர் இல்லை. குமாஸ்தா ஃபிட்டரின் கறுத்த கைகளைப் பார்த்தார்.

"எந்தப் பட்டறையில வேலை பாக்கறீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நடந்ததை நானே சொன்னேன். எல்லோரும் இப்படித்தான் கதை விடுகிறீர்கள் என்றார் குமாஸ்தா. பஸ்ஸைத் தள்ளி அழுக்கான என் கையை ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"அப்ப நானும் பட்டறையிலதான் இருக்கேனா சார்?"

என் தோளுக்கு மேலே இன்னும் நாலைந்து அழுக்குக் கைகள் நீண்டன. குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை நகர்த்தினார். இந்த மாதம் ஏதாவது வேலை செய்தீர்களா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

ஃபிட்டர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். "இன்னைக்குச் செஞ்சேனே தங்கச்சி. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவர் காலை மிதித்தேன். "அண்ணியை நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்கண்ணே."

"இல்ல சார்" என்றார்.

திரும்பும்போது அதே பஸ்தான். வழி முழுக்க அவர் சீட்டியடிக்கவில்லை.