மிளகுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

அக்கா ஒரு புத்தகத்தின் பக்கத்தை பிளேடால் அறுத்து எடுத்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஸ்கேலை வைத்து, தையலை ஒட்டினாற்போல், துணி வெட்டுகிற நிதானத்தோடு அறுத்தார். ஓரம் மடித்த புத்தகத்தை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுஷி அவர். அப்படிப்பட்டவரை அந்தப் பக்கத்தை அறுக்க வைத்தவன் நான். இதை எழுத இத்தனை வருஷம் ஆனதற்குச் சோம்பல் காரணமில்லை, வெட்கம்தான் காரணம்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். கூடப் பிறந்தவர் இல்லை, மலையில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு எட்டில் அவருடைய புத்தகக் கடை இருந்தது. காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த கணவர் காலமான பிறகு, எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வந்து அதைத் தொடங்கினார். பாட்டுப் புத்தகமும் பஞ்சாங்கமும் ஒரே தட்டில் இருக்கும். மாதா கோயில் தேர் நோட்டீஸும் சேர்வராயன் கோயில் திருவிழா நோட்டீஸும் ஒரே கதவில் தொங்கும். ஐப்பசி மழையில் காகிதம் நமுத்துப் போகும் என்று அலமாரிக்குள் பல்பு எரியவிட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் பையைக் கடை வாசலில் வைத்துவிட்டு, கையில் இருக்கும் சர்க்கார் காகிதத்தை நீட்டுவார்கள். அக்கா அதைப் படித்து, அர்த்தம் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பார். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நிற்கிற வேட்பாளர் அத்தனை பேரும் அந்தக் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். வராதவருக்கு ஓட்டு இல்லை என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். எஸ்டேட்டில் கூலி வேலை செய்தவர் இறந்துபோனாலும் அங்கே ஒரு இரங்கல் கூட்டம் நடக்கும். பேப்பரில் பேர் வராத ஜனங்களுக்கு அந்தக் கடைதான் பேப்பர்.

நான் அரசு பஸ் கண்டக்டர். சேலத்திலிருந்து மலையேறி, ஏற்காடு தொட்டு, மாரமங்கலம் தாண்டி ஒரு மலைக்கிராமம் வரை போகும் வண்டி என்னுடையது. அக்கா என் வண்டியில் புத்தகம் அனுப்புவார். பழைய பேப்பரில் சுற்றி, மேலே ஸ்டாப்பின் பேரை மட்டும் எழுதித் தருவார். ஆள் பேர் எழுத மாட்டார். பொட்டலம் ஒரு ஸ்டாப்பில் இறங்கினால் அது யாருக்கு என்று அந்த ஊருக்கே தெரியும். படித்தவுடன் கடைக்குத் திருப்ப வேண்டியதில்லை, அப்படியே அடுத்த ஸ்டாப்புக்குப் போகும். சாமை விதைக்கிறவர், மிளகுக்கொடி வைத்திருப்பவர், சர்ச் குவார்ட்டர்ஸ் ஆட்கள், எல்லோர் கையும் பட்டுக் கடைசியில் கடைக்கு வந்து சேரும். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. படித்து முடித்தவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தின் தலையில் அக்காவே 'இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள்' என்று எழுதிக் கோடு கிழித்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பெருவிரல் ரேகை வைப்பார்கள். "வாங்கி வெச்சுக்கறது வேற, படிக்கறது வேறங்க தம்பி. பேரு போடறப்பதான் மனுசன் ரோசிப்பான்" என்பார் அக்கா. மலையில் அந்த விதியை யாரும் ஏமாற்றிப் பார்த்ததில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவது பொய்ச்சாட்சி என்றே நினைத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை டெப்போவில் ஒரு செய்தி காதில் விழுந்தது. சாயங்காலம் நாலரை டிரிப்பை அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்போகிறார்கள். அந்த டிரிப்தான் ஏற்காட்டு ஹைஸ்கூலில் படிக்கும் மலைப் பிள்ளைகளை வீடு சேர்க்கிற வண்டி. பையன்கள் எப்படியாவது நடந்து போய்விடுவார்கள், காட்டு வழியில் பெண் பிள்ளைகளை யார் விடுவார்கள்? கடைசி ஸ்டாப்பில் பதினொன்றாவது படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அந்த ஊரில் பத்தாவது தாண்டிய முதல் பெண். அவளுடைய அப்பா என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "இந்த பஸ் வரங்காட்டிதானுங்க புள்ளையப் படிக்க அனுப்பறேன். பஸ் நின்னா படிப்பும் நின்னுருமுங்க." அந்த மனிதர் பேச்சு மாறுகிறவர் இல்லை. மனசு கேட்காமல் நான்தான் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அக்கா அன்றைக்கே மனு எழுதிவிட்டார். அடுத்த திங்கள்கிழமை சேலத்தில் கலெக்டர் மனு வாங்கும் நாள். அதற்குள் ஊர் ஊராகக் கையெழுத்து வேண்டும். சந்தை முந்தின நாளே முடிந்துவிட்டது, ஆட்களை ஒரு இடத்தில் சேர்க்க வழியில்லை. அதனால் புத்தகம் போகிற பாதையிலேயே மனுவையும் அனுப்ப நினைத்தார். அப்போது மலையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது மிளகுக்கொடிக்கு வரும் வாடல் நோயைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று. மனு கசங்காமல் இருக்க, பழுப்புக் கவரில் போட்டு, மேலே 'மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு' என்று எழுதி அந்தப் புத்தகத்துக்குள் வைத்தார். "கவரு ஒட்டலீங்க தம்பி. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு மனுவ வெளிய எடுத்துக் காட்டி, பஸ்ஸு நிக்கப்போவுதுன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குங்க" என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

மறுநாள் டெப்போவில் ஒருவர், பேச்சோடு பேச்சாக, டிரிப்புக்காக எந்தக் கண்டக்டராவது ஜனங்களைக் கிளப்பிவிட்டால் சஸ்பெண்ட்தான் என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா தெரியாது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே. வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்று தோன்றிவிட்டது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஸ்டாப்பிலும் புத்தகத்தை நீட்டி நான் சொன்னது ஒரே வாக்கியம்: "கையெழுத்துப் போட்டு நாளைக்குக் குடுத்துருங்க, அக்கா சொன்னாங்க." மனு என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவே இல்லை.

அவர்கள் எங்கே போடுவார்கள்? மெல்லிய புத்தகம்தானே, ராத்திரி ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கூடிக் கேட்டுவிட்டு, எப்போதும் போடுகிற இடத்தில் போட்டார்கள். கலெக்டர் பேர் போட்ட கவரை, யாருக்கோ போகிற தபால், நாம் தொடக்கூடாது என்று பத்திரமாக வைத்த இடத்திலேயே வைத்தார்கள். இரண்டாம் நாளே நான் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம் நிறைந்துகொண்டு வந்தது, கவர் வைத்தபடியே இருந்தது. கையெழுத்து எங்கே இருந்தால் என்ன, அக்கா பார்த்துக்கொள்வார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கடைசி ஸ்டாப்பில் அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் புத்தகத்தை மறுநாள் தரவில்லை. "ஏனுங்க, படிக்காம எப்பிடிங்க கையெழுத்துப் போடறது? புள்ள பாதிதான் படிச்சுக் காட்டியிருக்குது. இன்னொரு நா பொறுங்க" என்றார். நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்துவிட்டு வந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு சாயங்காலம் முழுப் புத்தகத்தையும் கேட்டுவிட்டுத்தான் ரேகை வைத்தார். அப்போதுகூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டிரைவர் ஹாரன் அடித்தார், நான் விசில் ஊதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைகிற நேரத்தில் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தேன். கவரை எடுத்து மனுவைப் பிரித்தார். ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளைக் காகிதம். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அறுபது எழுபது கையெழுத்தும் ரேகையும் கோட்டைத் தாண்டியும் போயிருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நீங்க என்னன்னு சொல்லிக் குடுத்தீங்க தம்பி?"

"நீங்க சொன்னதத்தானுங்க அக்கா சொன்னேன்" என்றேன்.

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கையெழுத்து வாங்க நாளில்லை. மறுநாள் முதல் வண்டியில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிச் சேலம் வந்தார். எனக்கு அங்கே ஒன்றரை மணி நேரம் இடைவெளி. இருப்புக் கொள்ளாமல் பின்னாலேயே கலெக்டர் ஆபீசுக்குப் போய், காக்கி உடுப்போடு ஒரு தூண் பக்கத்தில் நின்றேன்.

மனு வாங்கும் மேஜையில் இருந்த கிளார்க் நல்ல மனிதர். மனுவில் கையெழுத்து இல்லையே என்றார். அக்கா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "இது புத்தகமுங்களேம்மா, இத எப்பிடி மனுவோட சேக்கறது?" என்று அவர் சங்கடப்பட்டார். அக்கா அவரிடமே ஸ்கேலும் பிளேடும் கேட்டு வாங்கினார். நான் முதலில் சொன்னது அந்த நிமிஷத்தைத்தான். அறுத்த பக்கத்தை மனுவோடு சேர்த்துக் குண்டூசி குத்தி நீட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த அதிகாரி அம்மாள் அதை வாங்கித் தலைப்பைப் படித்தார். "இவங்க மிளகுப் புத்தகம் படிச்சதாத்தானே கையெழுத்துப் போட்டிருக்காங்க? பஸ்ஸுக்காகப் போட்டாங்கன்னு சொல்ல ஒருத்தராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அக்கா திரும்பினார். நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். நான் குனிந்து என் தோள்பையின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

"இல்லீங்கம்மா. நான் ஒருத்தி மட்டுந்தானுங்க வந்தேன்" என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது.

அது தனிநபர் மனுவாகப் பதிவானது. டிரிப் நின்றது. அதற்குப் பிறகு அக்காவே காடு மேடெல்லாம் நடந்து, சரியான காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு முறை போனார். முடிவாகிவிட்ட விஷயம் என்று பதில் வந்தது. நான் சொல்லியிருந்தால் வண்டி நின்றிருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சொல்லவில்லை என்பது சத்தியம். அக்கா என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. காலை வண்டியில் புத்தகமும் தொடர்ந்து கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் மாறியது. அன்றிலிருந்து என்னிடம் வாய்மொழியாக எந்தச் சேதியும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் பொட்டலத்தின் மேல் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார். அதை ஒவ்வொரு நாளும் கையில் வாங்குவதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

போன வருஷம் அக்கா காலமானார். இரங்கல் கூட்டத்தை அவர் கடையிலேயே ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து நடத்தினோம். பெஞ்சு போதாமல் ரோட்டிலும் ஜனம் நின்றது. இப்போது அந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சாக்லேட்டும் தைலமும் விற்கிறார்கள். ஊரில் ஒருவர் இறந்தால் எங்கே கூடுவது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அந்தக் கடைசி ஸ்டாப்புப் பெண்ணும் வந்திருந்தாள். இப்போது முப்பதைத் தொடும் வயது, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். படிப்பு அந்த மாதத்தோடு நின்றதுதான். கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ரிட்டயர் ஆன தைரியத்தில், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"எங்கப்பன் நாலு வருசத்துக்கு முன்னாலதானுங்க செத்துச்சு. அக்கா மறுபடி கையெழுத்துக்கு வந்தப்பத்தானுங்க அந்தப் புத்தகத்துக்குள்ளாற மனு இருந்துச்சுன்னு தெரிஞ்சுது. அதுலருந்து சாவற முட்டும் ஒரே பொலம்பலுங்க. 'நான் அந்தப் புத்தகத்த ரெண்டு நா ஊட்லயே வெச்சுக்கிட்டனே, அதனாலதான் மனு நேரத்துக்குப் போய்ச் சேரல, என்னாலதான் கண்ணு உம் படிப்புப் போச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நானும் அப்பிடித்தானுங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எஸ்டேட் பக்கம் போகும் பஸ் வந்துவிட்டது என்று அவள் ஏறிப் போய்விட்டாள். அந்த மனிதர் இருந்த காலம் முழுக்க நான் காலை வண்டியில் அவர் ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். எத்தனையோ முறை அவரே ஏறி என்னிடம் டிக்கெட் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும், ஏதோ எனக்குக் கெடுதல் செய்துவிட்டவர் போல, தலையைக் குனிந்துகொண்டுதான் வாங்குவார்.