களிம்பு வராத பக்கம்

சண்டைக் காலத்தில் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த கட்டுக்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சொரியாசிஸுக்குப் பூசும் களிம்பு முடிந்துவிட்டது. என் தோல் செதில் செதிலாக உரிந்து இரத்தம் கசிந்தது. டாக்டரோ வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றை விரித்துக் காட்டினார்.

"பாருங்கோ, இந்தத் தோல் வருத்தத்தைப் பற்றி ஐரோப்பாவில ஆராய்ச்சி கூடிக்கொண்டே போகுது. எங்கட நாட்டுப் பக்கம்தான் ஒண்டுமில்லை."

"வருத்தம் இருக்கே ஐயா. களிம்பு எங்க?"

"ஆமி இஞ்ச மருந்து விடுறான் இல்லை."

"இந்தப் புத்தகத்தை மட்டும் விட்டவனோ?"

"இதைப் பூசேலாதுதானே."

ஆமியிடம் இருந்த மன்னார் டவுனுக்குப் போய் நானே களிம்பை வாங்கி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பில் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொன்ன ஆமிக்காரன், செதில் உதிர்வதைக் கண்டதும் பின்னால் பாய்ந்து, தொடாமலே போகச் சொன்னான். இது தொற்றாது என்று அவன் எங்கும் படித்திருக்கவில்லை. நல்லகாலம், எங்கள் நாட்டுப் பக்கம் ஆராய்ச்சி வராதது.