மதியத்தில் அடித்த டெலிபோன்

தியாகராய நகரில் எங்கள் தெருவுக்கே என் வீட்டில்தான் டெலிபோன். யாருக்கு அழைப்பு வந்தாலும் கூப்பிட்டு விடுவேன், மதியத் தூக்க நேரத்தில் மட்டும் மாட்டேன். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் நியாயம்.

ஒரு ஞாயிறு மதியம், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு முருகேசனின் தங்கை அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள்.

"அப்பா அண்ணனையே தேடுதாவ. உடனே வரச் சொல்லுங்கய்யா."

"நாலு மணிக்குப் பண்ணும்மா" என்று வைத்துவிட்டேன்.

நாலு மணிக்குப் பண்ணினாள். அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்து முருகேசன் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து, என் நியாயத்தைச் சொல்லத் தயாராக நின்றேன்.

"தங்கச்சிக்கு நீங்க தூங்குற நேரம் தெரியாது சார். நான் சொல்லி வைக்காதது தப்புதான்" என்றார்.



இப்போதெல்லாம் எந்த நேரத்தில் மணி அடித்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன். முருகேசனுக்கு மட்டும் அழைப்பே வருவதில்லை.