அடுத்தவர் வரியைத் தொடாத அக்கா

அக்கா இல்லாத முதல் ஆண்டை எப்படியோ கடந்து வந்துவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் அக்காவிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர்கள் குறைவு. திட்டிய கையோடு அவர் விளம்பிய சோற்றைச் சாப்பிடாதவர்களும் குறைவு. இரண்டும் அதிகமாகக் கிடைத்தவன் என்ற தகுதியில் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

கேரள எல்லையோரம் காரோடு என்ற ஊரில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவர் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். படிப்பை முடித்ததும் கொச்சியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் தாங்கினார். இப்படியும் ஒரு வேலை உண்டா என்று ஊரில் பலருக்குச் சந்தேகம். "பிள்ள அங்க போர்டா எழுதுதா?" என்று கேட்பார்கள். "போர்டு இல்ல, போர்டில உள்ள வார்த்தையாக்கும்" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துப்போனது.

அம்மாதான் அக்காவின் முதல் பரிசோதகர். அக்கா தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை போனில் வாசித்துக் காட்டுவார். அம்மா ஒரு நொடி தயங்கினால் அந்த வரி போச்சு. அப்படித் தேறிய தேங்காயெண்ணெய் விளம்பரமும் சோப்பு விளம்பரமும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசப்பட்டன. அக்கா படைப்புப் பிரிவின் தலைவரானார். பிறகு நிறுவனத்துக்கே தலைமை அதிகாரி ஆனார். எங்கள் வீட்டில் அன்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தப் பதவி அக்காவைப் படாதபாடு படுத்தியது. வரவு செலவு, ஆள் சேர்ப்பு, வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். பேனாவைக் கீழே வைக்க மட்டும் தெரியவில்லை. யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அடித்துத் திருத்துவார். திருத்தியது நன்றாகவும் இருக்கும், அதுதான் தொல்லை. எப்படியும் மாற்றத்தானே போகிறார் என்று மற்றவர்கள் அரைகுறையாக எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கடைசியில், அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த குளத்தூர் லீலா அக்கா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். கிளம்பும்போது, "எட்டி, உனக்கு எழுதணும்னா பழைய மேசைக்கு வா. பெரிய கசேரையில இருந்துகிட்டு எங்களுக்க எழுத்த அழிக்காத" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாராம்.

அந்த ஈஸ்டருக்கு ஊருக்கு வந்த அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவ போனா எனக்கு வலது கை போன மாதிரி. அதுக்காக எழுதாம இருந்தா நான் ஆருலே?" என்று என்னிடம் கேட்டார். எதற்கும் அசராத அக்கா பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் என் மனைவி மீன்கறி வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அடுக்களைக்குள் போனார். உப்பு பார்த்து, கொஞ்சம் சேர்த்தார். ஒரு துண்டு குடம்புளி போட்டார். தீயைக் குறைத்தார். என் மனைவி அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, நீங்க வைக்கியதுன்னா நீங்களே வையுங்க. நான் வச்சா அது எனக்க கறியாக்கும்" என்றாள். எங்கள் வீட்டில் அக்காவிடம் அப்படிப் பேச ஆள் கிடையாது. நான் மெல்ல வெளியே நழுவப் பார்த்தேன். அகப்பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்த அக்கா சிரித்துவிட்டார். "எலே, உனக்க பெண்டாட்டிய எங்க ஆபீசில சேத்திருக்கணும்" என்றார். அன்று மாலையே குளத்தூருக்குப் போய் லீலா அக்காவைத் திரும்ப வரச் சம்மதிக்க வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா யாருடைய வரியிலும் கை வைக்கவில்லை. "இத ஆருட்ட சொல்லுத? அவங்க இப்படியா பேசுவாங்க?" என்று கேட்பதோடு சரி. சுலபமாக விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். "கை பரபரன்னு வருது மக்கா, அடக்கிகிட்டு இருக்கேன்" என்று போனில் புலம்புவார். வரும் பாராட்டெல்லாம் அந்த வரியை எழுதியவருக்கே போகும். வாடிக்கையாளர் கோபித்தால் மட்டும் அக்கா முன்னால் போய் நிற்பார்.

அக்கா நோயில் கிடந்த மாதங்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும், ரத்தம் கொடுத்த காஞ்சிரங்குளம் இளைஞர்களுக்கும், இறுதி நாளில் பந்தல் முதல் கஞ்சி வரை பார்த்துக்கொண்ட அயல்வீட்டாருக்கும், கொச்சியிலிருந்து வந்து எங்களோடு அழுத அலுவலக நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்த டிரைவர் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவைத்த அன்று, நெய்யாற்றின்கரை தாண்டியதும் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். டிரைவர் மறுபேச்சில்லாமல் ஓரமாக நிறுத்தினார். சாலையோரத்தில், லீலா அக்கா எழுதிய குடை விளம்பரம் பெரிய பலகையில் நின்றது. விரித்த கறுப்புக் குடை ஒன்று, அதன் கீழே 'இன்னும் ஒருத்தருக்கு இடமுண்டு' என்று மலையாளத்தில் ஒரே வரி. என் தோளில் சாய்ந்திருந்த அக்கா தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"நானாயிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன் மக்கா," என்றார். "இவ்வளவு நல்லா வந்திருக்காது."